சூசையண்ணன் வீட்டுக் கூடத்துச் சுவர்

புது வீடு கட்டுகிற கொத்தனாருக்கு வேட்டி, துண்டு, மரியாதை எல்லாம் உண்டு, விரிசல் அடைக்கிற கொத்தனாருக்கு "இதுக்கா இவ்ளோ நேரம்?" என்ற கேள்வி மட்டும்தான். கரண்டி பிடித்துக் கை வெந்த சகோதரர்களே, உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதுவும் நான் தொழில் செய்தது மரக்காணம் உப்பளத்து ஓரத்தில், சிமெண்டுக்குப் பர்மிட் கேட்டு அலைந்த எழுபதுகளில்.

முதல் விளைச்சல்

நான் தனியாக எடுத்த முதல் வேலை சூசையண்ணன் வீட்டில். அவர் உப்பளத்தில் சூப்பர்வைசர். கூடத்துச் சுவரில் நிலைக்கு மேலிருந்து கூரை வரைக்கும் ஒரு விரிசல். அடைத்தேன். ஒட்டுப் போட்டது தெரியக்கூடாதென்று சுவர் முழுக்கப் புதுப் பூச்சும் பூசினேன். தண்ணீர், அவர் வீட்டுப் பின்பக்கக் கிணற்றுத் தண்ணீர். கண்ணாடி மாதிரி இருந்தது. வாயில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மழை முடிந்ததும் சுவர் வெள்ளையாகப் பூத்துவிட்டது. பழைய விரிசல் பிள்ளைகுட்டியோடு திரும்பி வந்தது. சாய்ந்து உட்கார்ந்தவர் முதுகிலெல்லாம் மாவு. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முதுகைப் பார்த்தே அது சூசையண்ணன் குடும்பம் என்று சொல்லிவிடலாம். மாதா கோயில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்பா, உப்பு பாத்தியிலதான் வெளையும்னு நெனச்சினு இருந்தேன். நீ என் ஊட்டுக் கூடத்துலயே வெளைய வெச்சிட்டியே!"

நாக்கு

அன்றிலிருந்து ஊரில் எனக்குப் பெயர் 'உப்புக் கொத்தனார்'. ஆறு மாதம் மரக்காணத்தில் ஒருவரும் கூப்பிடவில்லை. கோபம் வந்தது, எல்லாம் என் மேலேயேதான். இனி மணலோ தண்ணீரோ பழைய பூச்சோ, என் நாக்கில் படாமல் வேலை தொடங்குவதில்லை என்று முடிவு செய்தேன்.

பிறகு கிடைத்த முதல் வேலை அனுமந்தையில், மீன் விற்கும் கன்னியம்மாள் வீட்டில். விரிசல் ஓரத்தைச் சுரண்டி நாக்கில் வைத்தேன், கரித்தது. கொஞ்சம் கீழே சுரண்டினேன். அங்கேயும் கரித்தது. மூன்றாவது இடத்துக்கு நான் குனிந்தபோது அந்தம்மாள் கையில் தட்டோடு வந்து நின்றார்.

"பசின்னா வாயத் தொறந்து சொல்லு கொத்தனாரே, கொழம்பு ஊத்திச் சோறு போடறேன். செவுத்த ஏன் துன்ற?"

வண்டித் தண்ணீர்

கன்னியம்மாள் வீட்டுக்கு நல்ல தண்ணீர், கடலை விட்டு உள்ளே தள்ளியிருந்த பிரம்மதேசம் கிராமத்திலிருந்து வந்தது, மாட்டு வண்டியில், பீப்பாய் பீப்பாயாக. மணலும் அங்கிருந்துதான். கடல் மணல் வாசலிலேயே கிடக்கிறதே என்று எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். அந்தச் சுவர் இரண்டு மழைக்காலம் தாங்கியது, ஒரு கீறல் இல்லை. வண்டிக்காரர் கோவிந்தன்தான் ஒவ்வொரு டீக்கடையிலும் என் பெயரைப் பரப்பியவர், அவர் பாணியில்.

"கல்யாண ஊட்டுக்குத் தண்ணி ஏத்தியிருக்கேன், கருமாதிக்கு ஏத்தியிருக்கேன். செவுத்துக்குக் குடிதண்ணி கேட்ட மொத ஆளு இவன்தாம்பா!"

முதுகு

நாலாவது வருஷம் சூசையண்ணனே என் வீட்டுக்கு வந்தார். மகள் ரெஜினாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் பாண்டிச்சேரிக்காரர்கள். எனக்குப் பிறகு இரண்டு கொத்தனார்கள் பூசியும் அந்தச் சுவர் அடங்கவில்லை. "சம்மந்தி முதுகெல்லாம் வெள்ளையாப் போனா எம் பொண்ணுக்கு மரியாதையா இருக்குமாப்பா?" என்றார். இந்த நாளுக்காகத்தான் நாலு வருஷம் காத்திருந்தேன். இருந்தும், "உப்புக் கொத்தனாரையா கூப்பிடறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் விடவில்லை.

செங்கல் தெரியும்வரை பூச்சைக் கொத்தி எடுத்தேன். உப்பைத் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தேன். நாலு தரம் கழுவிய பிறகுதான் கரிப்பு போனது. அதற்கப்புறம் விரிசல் வாயை அகலப்படுத்திச் சுண்ணாம்புக் காரையை அடி வரைக்கும் இறுக்கிப் பூசினேன். கையில் ஒட்டாமலிருக்க வஜ்ஜிரப் பசை கலந்து வெள்ளை அடித்தேன்.

நிச்சயத்தன்று சம்மந்தி கறுப்புக் கோட்டில் வந்தார். உட்கார வேறு இடமா இல்லை? அந்தச் சுவரில்தான் சாய்ந்தார். அரை மணி நேரம் பேசினார். என் கையில் காப்பி ஆறிப்போனது. அவர் எழுந்தபோது நான் பார்த்தது முதுகைத்தான். ஒரு பொட்டு வெள்ளை இல்லை. கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்?

சூசையண்ணனும் பார்த்துவிட்டார். நேராகச் சுவரிடம் போய், புதுப் பூச்சை நகத்தால் சுரண்டி எல்லோர் முன்னாலும் நாக்கில் வைத்தார்.

"சம்மந்தி, நீங்களும் வெச்சிப் பாருங்க, ஒரு கல்லு உப்பு இல்ல. இது நம்ம கொத்தனாரு வேலை!"

உப்பை விற்றுப் பிழைக்கும் ஊரில் 'உப்பே இல்லை' என்று பெயர் வாங்க எனக்கு நாலு வருஷமும் ஒரு நாக்கும் செலவானது.