தமிழில் செத்தவனுக்கு ஒரு சிரிப்பு பாக்கி

சினிமாவில் வில்லன் வேடம் போடுகிறவனுக்கு நிச்சயமான வேலை ஒன்றுதான்: கடைசி ரீல் முடிவதற்குள் செத்துவிட வேண்டும். காதலிப்பது, பாடுவது, தாயின் காலில் விழுந்து ஆசி வாங்குவது எல்லாம் வேறு ஆட்களின் பொறுப்பு. மேலே இருக்கிறவர் சொன்ன நேரத்தில் சொன்ன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பிழைக்கிற எல்லோரும் என் இனத்தார். அந்த உரிமையில்தான் உங்களிடம் இதைச் சொல்கிறேன்.

நான் பிறந்தது பர்மாவில், மோல்மேனில். அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து போன கடைக் கணக்கர். அம்மா பர்மியப் பெண். அவளிடமிருந்து முகமும், அப்பாவிடமிருந்து புத்தகப் பைத்தியமும் வந்தன. அறுபதுகளின் நடுவில் அங்கே கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது கப்பலேறி மெட்ராஸில் இறங்கினேன். கையில் இருந்த சொத்து ஆறு மொழி. தமிழும் பர்மியமும் வீட்டில் வந்தவை. இந்துஸ்தானியும் வங்காளியும் தெருவில் வந்தவை. தெலுங்கு துறைமுகக் கூலிகளிடமிருந்து, இங்கிலீஷ் பாதிரிமார் பள்ளியிலிருந்து. சீன ஒற்றன், ஜப்பான் சிப்பாய், கூர்க்கா, தங்கம் கடத்தும் சேட் என்று யார் தேவைப்பட்டாலும் "பர்மாவைக் கூப்பிடு" என்பார்கள். ஆறு மொழி பேசுவேன் என்பதல்ல, ஆறிலும் சாவேன் என்பதுதான் அவர்களுக்கு என் தகுதி.

மண்ணூர்பேட்டையில் குடித்தனம். மனைவி எஸ்தர் அம்பத்தூர்க்காரி. அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற வேலை. தைரியம் முழுவதையும் அவள் எடுத்துக்கொண்டதால் எனக்கு மிஞ்சியது மற்றது. அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று பழைய இலக்கணக்காரர்கள் வகுத்திருக்கிறார்கள்: பேய், விலங்கு, கள்வர், அரசன். பாவம், அவர்கள் சினிமாக் கம்பெனியைப் பார்த்ததில்லை.

எமனுக்கு ஒரு துண்டு

என் முதல் சாவு காட்டுப்பாக்கத்து மாந்தோப்பில் நடந்தது. கதாநாயகன் சுட்டான், நான் மார்பைப் பிடித்துக்கொண்டு மூன்று வசனம் பேசிச் செத்தேன். "கட்" என்றதும் எழுந்து மண்ணைத் தட்டப் போனேன். தயாரிப்பு நிர்வாகி கோதண்டம் பாய்ந்து வந்து என் தோளை அமுக்கித் தரையோடு வைத்தார். கதாநாயகிக்கு இளநீர் முதல் வில்லனுக்குப் பாடை வரை எல்லாவற்றையும் தேடிக் கொண்டுவருகிற பூந்தமல்லிக்காரர் அவர். "படு, படு! எழுந்துக்காதே!" என்று கத்தினார். பாம்பு என்றே நினைத்தேன். உடம்பில் ஒரு மயிர் அசையாமல் கிடந்தேன். உண்மையில் அப்போதுதான் பிணமாகச் சரியாக இருந்திருப்பேன்.

கேமரா மறுபடி ஓடியது. "இப்ப கண்ணத் தொற. பல்லு தெரிய சிரி. சிரிச்சிக்கினே எழுந்திரு!" என்றார். சிரித்தேன், எழுந்தேன். பூசணிக்காய் மேல் கற்பூரம் ஏற்றி என்னைச் சுற்றி உடைத்தார்கள். செத்த வில்லன் சிரித்துக்கொண்டு எழுந்தால் கதை என்ன ஆவது, இந்தத் துண்டு எந்தக் காட்சியில் ஒட்டும் என்று படித்தவன் தோரணையில் விசாரித்தேன். கோதண்டம் என்னை மரத்தடிக்கு ஒதுக்கிக்கொண்டு போய்க் குரலை இறக்கிச் சொன்னார்: "இது ஜனங்களுக்கு இல்ல சாமி, எமனுக்கு. இவன் சும்மா நடிச்சான்னு அவனுக்கு யாரு சொல்றது?"

பக்கத்து இருக்கை

பூந்தமல்லிப் பக்கம் வேலை இருந்தால் வீட்டுக்குப் பஸ்தான். ஒரு படத்தில் பச்சைக் குழந்தையைத் தொட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றில் போடப் பார்ப்பேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. கிணற்றில் விழுந்தது நான். ஆனால் அந்தப் படம் ஓடிய நாட்களில் பஸ்ஸில் என்னைக் கண்ட தாய்மார்கள் குழந்தையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். அவர்கள் என்னைப் பார்த்துப் பயந்ததைவிட நான் அவர்களைப் பார்த்துப் பயந்தது அதிகம். மீன் விற்கிற அம்மாள் ஒருத்தி கூடைத் துணிக்குள் கையை விட்டபடியே என்னை இமைக்காமல் பார்த்துக்கொண்டு வந்தாள். உள்ளே அவள் பிடித்திருப்பது மீனா, மீன் வெட்டுகிற கத்தியா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் ஆர்வமும் இல்லை.

இறங்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே எழுந்தேன். நான் ஏறியதிலிருந்து என் பக்கத்து இருக்கை காலி; பின்னால் அத்தனை பேர் தொங்கிக்கொண்டு வந்தார்கள். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "அண்ணாத்தே, நீ ஏறுனா ஒரு சீட்டு வேஸ்ட்டு. ஒருத்தனும் பக்கத்துல குந்த மாட்டேன்றான். அடுத்த படத்துல கொஞ்சம் நல்லவனா வந்துட்டுப் போயேன்."

ஆவடிப் பொட்டலில் ஓர் ஒற்றன்

கார் விளக்குகளுக்குப் பாதி கறுப்பு பூசிய, போர் நடந்துகொண்டிருந்த டிசம்பர் அது. அடுத்த படத்தில் எனக்கு எதிரி நாட்டு ஒற்றன் வேடம். வீட்டில் வசனத்தைச் சத்தம் போட்டுச் சொன்னால் பக்கத்துக் குடித்தனக்காரர்கள் கதவைச் சாத்துகிறார்களே என்று ஆவடிக்கு வெளியே ஒரு பொட்டலுக்குப் போய், ஒரு பனைமரத்தை என் மேலதிகாரியாக வைத்துக்கொண்டு, பாலத்தை எப்படித் தகர்ப்பது என்று இந்துஸ்தானியிலும் வங்காளியிலும் முழங்கினேன். ஆவடியில் ராணுவத்தார் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதையும் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பது தோன்றவில்லை. மாடு மேய்த்தவர்கள் யோசித்துவிட்டார்கள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் "எந்த ஊர்?" என்றார். மோல்மேன் என்றேன். அவர் முகம் மாறியது. "என்ன வேலை?" என்றார். பயத்தில் நாக்கு குழறி "ஒற்றன்" என்று சொல்லிவிட்டு, அவசரமாக "வேடம்" என்று சேர்த்தேன். அந்த இரண்டாவது சொல்லை அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. நடித்துக் காட்டச் சொன்னார். உயிர்ப் பயத்தில் என் வாழ்நாளிலேயே மிகச் சிறப்பாக நடித்தேன். அதுதான் தப்பாகப் போயிற்று. லாக்கப் சாவியைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். மோல்மேனில் இனி வீடில்லை, இங்கேயும் இனி இல்லை என்று அந்தச் சாவிச் சத்தத்தில் தோன்றியது. அப்போது மூலையில் எழுதிக்கொண்டிருந்த வயதான ஏட்டு எழுந்து வந்து என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"சார், இவன எனக்குத் தெரியும். போன வாரம்தான் நம்ம டூரிங் கொட்டாயில செத்தான். ஒன்னும் பண்ண மாட்டான், உட்டுடுங்க."

ஒரே பொணம்தானே

ஒரு கம்பெனி பாரிவாக்கத்தில் செட் போட்டு, ஒரே கதையைத் தெலுங்கிலும் தமிழிலும் சேர்த்து எடுத்தது. ஒவ்வொரு காட்சியையும் முதலில் தெலுங்கில் எடுப்பார்கள். உடனே அதே இடத்தில் தமிழில் எடுப்பார்கள். கதாநாயகர்கள் இரண்டு பேர், வில்லன் மட்டும் நான் ஒருவனே. கடைசிக் காட்சியில் நான் செத்து, வாய்க்கட்டும் நெற்றிக் காசுமாகப் பாடையில் கிடக்க வேண்டும். கதாநாயகன் மனம் இளகி எனக்கே கொள்ளி வைப்பான். தெலுங்கில் செத்தேன். வழக்கம்போல் சிரித்து எழுந்தேன். பூசணிக்காய் உடைந்தது. மறுபடி படுத்துத் தமிழில் செத்தேன். இந்தக் கதாநாயகன் அழுது முடித்த நேரத்தில் கேமராவுக்குள் பிலிம் தீர்ந்தது.

பிலிம் அப்போதெல்லாம் ரேஷன் சர்க்கரை மாதிரி, அளந்துதான் கிடைக்கும். செட்டை அன்றே பிரிக்க வேண்டும். கோதண்டம் ஒரு கணம் தாடையைச் சொறிந்தார். "தெலுங்குல சிரிச்சிட்டே இல்ல? ரெண்டும் ஒரே பொணம்தானே, நைனா. வண்டி ஏறு" என்றார். பகுத்தறிவோடு நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது இதை ஒரு வேடிக்கையாக எஸ்தரிடம் சொன்னேன். சர்ச்சில் தவிர வேறெங்கும் தலை வணங்காதவள், சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். ரசக் கரண்டியைப் பாத்திரத்துக்கு மேலேயே நிறுத்திக்கொண்டு கேட்டாள்: "அப்போ தெலுங்குல செத்தவரு எழுந்து வந்துட்டாரு. தமிழ்ல செத்தவரு இன்னும் அங்கியே படுத்துகினு இருக்காரா?"

எச்சில்

அதன் பிறகு நடந்தவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. எஸ்டேட் வாசலில் ஒரு லாரி என் சட்டையை உரசிக்கொண்டு போனது. சவரக் கடையில் உட்கார்ந்து எழுந்ததும் மின்விசிறி அந்த நாற்காலி மேலேயே விழுந்தது. ஒரு வாரம் காரணமில்லாத காய்ச்சல் வந்து, காரணமில்லாமல் போயிற்று. இதெல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான் என்று நான் சொல்வேன். "ஆமா" என்பாள் எஸ்தர். ஆனால் ஷிப்டு முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்து, கதவைத் திறக்குமுன் ஜன்னல் வழியாக என்னை ஒரு தரம் எட்டிப் பார்ப்பாள். எட்டிப் பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது.

அடுத்த படத்தில் கூர்க்காவாகச் சாக வேண்டியிருந்தது. கண்ணை மூடினேன். பாரிவாக்கத்துப் பாடையின் பச்சை மூங்கில் வாசனை எங்கிருந்தோ வந்தது. தொண்டை வறண்டது. "சார், பொணம் எச்சில் முழுங்குது!" என்று கேமரா உதவியாளர் கத்தினார். மறுபடி எடுத்தார்கள், இமை துடித்தது. மறுபடி எடுத்தார்கள், நானே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். செத்தால் உயிருக்குப் பயம். சாகாவிட்டால் பிழைப்பு இல்லை. இப்படி ஒரு முடிச்சில் எந்தத் தத்துவ நூலும் என்னைக் கொண்டுபோய் விட்டதில்லை. வேறொருவரை அழைத்து வந்து அவருக்கு என் தொப்பியைப் போட்டார்கள். செய்தி மற்ற கம்பெனிகளுக்கும் போயிற்று. இயக்குநர் நல்ல மனிதர். தோளில் கைபோட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டார். "பர்மா, உங்களுக்கு நடிப்பெல்லாம் நல்லா வருது. சாவுதான் வரமாட்டேங்குது."

தமின் சா பீபீலா

எஸ்தர் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பூந்தமல்லிக்குப் போய்க் கோதண்டத்தின் கதவைத் தட்டினாள். அவர் அவளைப் பார்த்த மாத்திரத்தில், "உசுரோட கீறாரா?" என்று கேட்டாராம். அந்த மனிதருக்கும் பிலிம் தீர்ந்த அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை. பாரிவாக்கத்தில் அப்போது வேறொரு கம்பெனி ஷூட்டிங் நடந்துகொண்டிருந்தது. அவர்கள் சாப்பாட்டுக்குப் போகிற நேரத்தில், கேமராவில் மிச்சமிருக்கிற துண்டு பிலிமை மட்டும் ஓட்டித் தர ஒளிப்பதிவாளர் ஒப்புக்கொண்டார். இந்த விஷயத்தில் எங்கள் தொழிலில் யாரும் மறுக்க மாட்டார்கள். கோதண்டம் புதிதாகப் பாடை கட்டினார். அதே வேட்டி, அதே வாய்க்கட்டு, நெற்றியில் காசு. உச்சி வெயிலில் படுத்தேன்.

தமிழில் சாவது சுலபமாக இருந்தது, விட்ட இடத்திலிருந்துதானே. கேமரா ஓடுகிற சத்தம் கேட்டது. வாய்க்கட்டை அவிழ்த்துவிட்டு, "சிரி!" என்றார் கோதண்டம். கண்ணைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. உதடு மரத்துக் கிடந்தது. ஆறு மொழியில் கொக்கரித்துச் சிரித்துப் பெயர் வாங்கியவன் நான். இப்போது ஒரு சின்னச் சிரிப்புக்கு வழியில்லாமல், பிலிம் தீர்ந்துகொண்டிருக்கும் சத்தத்தைக் கேட்டபடி கிடந்தேன். "சிரி சாமி, துண்டு பிலிம்தான் கீது, சிரி!" என்று அவர் கெஞ்சினார். கெஞ்சக் கெஞ்சக் கை கால் சில்லிட்டது. இந்தத் தடவையும் பிலிம் தீர்ந்துவிட்டால் நான் இங்கிருந்து எழுந்திருக்கப் போவதில்லை என்று நிச்சயமாகத் தோன்றியது.

கேமராவுக்குப் பக்கத்திலிருந்து எஸ்தர் கத்தினாள்: "தமின் சா பீபீலா?"

கல்யாணமான புதிதில் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பர்மிய வாக்கியம் அது. சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். அந்த ஊரில் யார் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது. என் அம்மா அதைப் பாட்டு மாதிரி கேட்பாள். எஸ்தரோ மண்ணூர்பேட்டைக் குழாயடியில் குடம் இடிபட்டவள் குரலில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, பாடையில் கிடக்கிறவனைப் பார்த்துக் கேட்டாள். எனக்குள் எங்கேயோ ஒன்று உடைந்தது. சிரித்தேன். காசு உருண்டு விழ, வேட்டி மூங்கிலில் மாட்டிக்கொள்ள, பல் மட்டுமல்ல, ஈறும் தெரியச் சிரித்துக்கொண்டு எழுந்தேன். அதே சமயம் பிலிம் தீர்ந்து கேமரா படபடவென்று அடித்துக்கொண்டது. எஸ்தர் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "இன்னும் இல்லன்னா வாங்க, சாப்பிடலாம்" என்றாள்.

கோதண்டம் கற்பூரம் ஏற்றிப் பூசணிக்காயைச் சுற்றி ஓங்கி உடைத்தார். வாயெல்லாம் வெற்றிலைச் சிரிப்பு. பிறகு அந்தச் சிரிப்பு மெல்ல இறங்கியது. என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "சாமி, தமிழ்ல செத்ததுக்கு பர்மா பாஷையில கேட்டு சிரிச்சிகிறியே, எமன் ஒத்துக்குவானா?"

ஒத்துக்கொண்டான் போலிருக்கிறது, அதன் பிறகு ஆறு மொழியிலும் பலமுறை நல்லபடியாகச் செத்துவிட்டேன். இருந்தாலும் இத்தனை சாவை ஒரே மூச்சில் எழுதிவிட்டோமே என்று, பேனாவை மூடுமுன் யாரும் பார்க்காதபோது ஒரு தரம் பல் தெரியச் சிரித்து வைத்திருக்கிறேன்.