கீழ் வீட்டுக் கரண்ட்

இந்தக் குளிர் தேசத்துக்கு வந்து, வெக்ஸ்போர்ட்டில் ஒரு வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்டில் நானும் என் கணவரும் நெடுங்காலம் இருந்தோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மேலே, நாங்கள் தம்பி என்று கூப்பிடுகிற வீட்டுச் சொந்தக்காரரும் அவருடைய மனைவியும், பல்கலைக்கழகத்தில் படிக்கிற மகனும். தண்ணீர், சூடு, கரண்ட் எல்லாம் வாடகைக்குள்ளேயே சேர்ந்திருந்தது. அதனாலேயே நாங்கள் கூடுதல் கவனமாக இருப்போம். மற்றவர்களுடைய கரண்ட் அல்லவா. ஆள் இல்லாத அறையில் லைட் எரிய விடமாட்டேன்.

அவருக்குச் சுவாசப்பை பழுதானது. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு விடும்போது ஒக்ஸிஜன் மெசினோடுதான் விட்டார்கள். அதைச் சுவரில் செருகி இரவும் பகலும் ஓட விட வேண்டும். அதில் இருந்து வருகிற குழாயை மூக்கில் மாட்ட வேண்டும். வருத்தம் முற்றும், பராமரிப்பு இல்லத்துக்கு எழுதட்டுமா என்று டாக்டர் கேட்டார். இவர் கையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"செத்தாலும் என்ர கட்டிலில சாகிறன். வேற ஒண்டும் வேண்டாம்."

அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

மெசின் வந்ததில் இருந்து எனக்கு ஒரே கூச்சம். அது ஓடுகிற கரண்டை வேறு எங்காவது மிச்சம் பிடிக்க வேண்டும் என்று பட்டது. உடுப்பை வோஷிங் மெசினில் போடாமல் கையால் தோய்த்தேன். காலையில் மட்டும் கரண்ட் அடுப்பைப் போட்டேன். பின்னேரங்களில் லைட் போடாமல், மேலே இருக்கிற சின்ன யன்னலால் வருகிற வெளிச்சத்தில் இரண்டு பேரும் இருந்தோம். எங்களை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல் வீட்டார் தேத்தண்ணியும் வடையும் கொண்டு கீழே வந்தார்கள். இவரால் படி ஏற ஏலாது என்பதால் அவர்கள்தான் வருவார்கள். மகன் நிலத்தில் இருந்துகொண்டு தன்னுடைய படிப்பைப் பற்றிச் சொன்னான்.

"அங்கிள், வேற உலகங்களில ஆக்கள் இருந்தா, அவை எவ்வளவு முன்னேறியிருக்கினம் எண்டு எப்பிடி அளக்கிறது தெரியுமே? எவ்வளவு சக்தி பாவிக்கினம் எண்டதை வைச்சுத்தான். தங்கட சூரியன்ர சக்தி முழுக்கப் பாவிச்சா, அவை வேற லெவல்."

தம்பி மெசினைப் பார்த்துச் சிரித்தார். "அப்பிடிப் பாத்தா இந்த வீட்டில முன்னேறின சனம் கீழதான் இருக்கு. மேல நாங்கள் இன்னும் காட்டுக்குள்ளதான்!"

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட இவர்தான் கூடச் சிரித்தார். சிரித்து இருமல் வந்து, முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு அவருடைய உதடு அடிக்கடி நீலம் பாரித்தது. வருத்தம் கூடுகிறது என்றுதான் நினைத்தேன். ஒருநாள் பின்னேரம் வழக்கம்போலக் கடைக்குப் போனேன். பஸ் உடனே வந்ததால் வழக்கத்தைவிட முந்தித் திரும்பிவிட்டேன். வாசலில் தம்பியின் கார் நின்றது. கீழே இறங்கினால் வீடு அமைதியாகக் கிடந்தது. இவர் குழாயை மூக்கில் மாட்டியபடி கதிரையில் இருக்கிறார். மெசின் ஓடவில்லை.

ஓடிப்போய் சுவிட்சைப் போட்டேன்.

"என்னப்பா இது?"

"மேல் வீட்டார் வேலையால வந்திட்டினம்." அவருக்கு மூச்சு வாங்கியது. "நீ கடைக்குப் போற நேரங்களில கொஞ்சம் நிப்பாட்டி வைக்கிறனான். சத்தம் கேட்டா மீற்றர் ஓடுறது அவைக்கு நினைவு வரும். வீட்டை விட்டு எழும்பச் சொன்னா எங்க போறது? உந்த நேர்சிங் ஹோமுக்கே?"

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தவள். ஆட்களுக்கு முன்னால் எனக்கு வாய் வராது. அவ்வளவு காலத்தில் மேல் வீட்டுக்குக் கூப்பிடாமல் போனதே இல்லை. அன்று போனேன். குசினி வாசலில் நின்றேன்.

"என்னக்கா?" என்றார் தம்பி.

"அவர் மெசினை நிப்பாட்டுறார். உங்கட கரண்ட் எண்டு." சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

தம்பி கோப்பையை வைத்துவிட்டுப் படியில் தடதடவென்று இறங்கினார். மகனும் பின்னால் வந்தான்.

"அண்ணை, உங்களுக்கென்ன விசரே?"

"கோவியாதையும் தம்பி. நீர் அண்டைக்குச் சொன்னீர்..."

"என்ன சொன்னனான்?"

"கீழ் வீட்டார்தான் கூடப் பாவிக்கினம் எண்டு."

தம்பி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். "ஐயோ, அது பகிடி அண்ணை. வெறும் பகிடி."

"அங்கிள், எங்கட கார் சார்ஜ் ஏத்த இழுக்கிறதில ஒரு துண்டும் உது இழுக்காது. சீரியஸ்லி," என்றான் மகன். அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

இவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கெங்க தெரியும்," என்று மட்டும் சொன்னார்.

பிறகு மெசின் நிற்கவே இல்லை. தம்பி வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமல் படியில் நின்று காது கொடுப்பார், ஓடுகிறதா என்று. ஆனால் இவருடைய உடம்பு பிறகு தேறவில்லை. அந்தப் பின்னேரங்கள் எவ்வளவைக் கொண்டுபோயினவோ, டாக்டரிடம் நான் கேட்கவில்லை. எனக்காக இங்கிலீசில் கேட்கிறவர் தம்பிதான்; கேட்டால் அவருக்குத் தெரிந்துவிடும்.

வின்டர் முடியும் மட்டும் இருந்தார். ஒரு காலையில், விடிந்து நல்ல வெளிச்சம் வந்த பிறகு, தன்னுடைய கட்டிலில் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்க்கிற நேர்ஸ் பிள்ளை வந்து நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தது. மூக்கில் இருந்து குழாயைக் கழற்றித் தலையணையில் வைத்தது. மெசினை நிப்பாட்டக் குனிந்தபோது தம்பி இங்கிலீசில் ஏதோ சொன்னார். அது நிமிர்ந்து என்னைப் பார்த்தது.

"அக்கா, அண்ணையைக் கொண்டுபோகுமட்டும் ஓடட்டும்," என்றார் தம்பி.

நான் ஓம் என்று தலையை ஆட்டினேன்.

மத்தியானம் வரைக்கும் அவரைக் கொண்டுபோக ஆட்கள் வரவில்லை. அதுவரைக்கும் அந்தக் குழாயில் இருந்து காற்று அவருடைய கன்னத்துக்குப் பக்கத்தில் சீறிக்கொண்டே இருந்தது. ஒருவருக்கும் உதவாமல் போகிற கரண்ட். நான் எழும்பி வீட்டில் இருந்த லைட் எல்லாவற்றையும் போட்டேன்.