நீட்டிய இடது கை

எண்பதுகளின் நடுப்பகுதியில், டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ அகதிகள் விடுதியில் என் பக்கத்துக் கட்டில்காரர் அவர். கழுத்துவரை சட்டைப் பொத்தான் பூட்டிய நெட்டை மனிதர். மனைவி யாழ்ப்பாணத்தில் இருந்தார். சாப்பிடும்போது தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், தண்ணீருக்காக இடது கையைப் பக்கவாட்டில் நீட்டுவார். அங்கே யாரும் இல்லையென்று நினைவு வந்ததும் மடக்கிக்கொள்வார்.

ஒரு ஞாயிறு பின்னேரம் தொலைக்காட்சியில் இத்தாலியப் படமொன்று போனது. ஆண்களை நையாண்டி செய்யும் குட்டிக் கதைகளின் தொகுப்பு. ஒரு கதையில் கணவன் பத்திரிகையில் மூழ்கியபடி கையை நீட்டுவான். மனைவியின் கை மட்டும் வந்து கோப்பையைக் கொடுத்துவிட்டுப் போகும். திரையின் அடியில் ஓடிய டேனிஷ் எழுத்து விளங்காமலே விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

“பகிடி விளங்கேல்லையோ அண்ணை?” என்றேன்.

“விளங்கினது தம்பி. அந்த மனிசியின்ரை முகத்தை ஒருக்காலும் காட்டேல்லை, கவனிச்சனீரோ? என்ரை மனிசி தண்ணி தரேக்கை முகம் எப்பிடி இருந்ததெண்டு யோசிச்சுப் பாத்தன். தெரியேல்லை.”

அன்று இராச்சாப்பாட்டிலும் அந்தக் கை நீண்டது. ஆனால் இம்முறை அவர் தலையைத் திருப்பி, ஆளில்லாத அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சாடி என் முன்னால்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.