வெள்ளையடித்த பெயர்

எங்கள் ஊரில் செத்தவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை புதுச்சட்டை உண்டு. நவம்பரில் கல்லறைத் திருநாள் வருமுன் குடும்பம் குடும்பமாகச் சுண்ணாம்பு வாளியோடு போய் வெள்ளையடிப்போம். அடிக்காவிட்டால் பக்கத்துக் கல்லறைக்காரர்கள் பேசுவார்கள். பாசம் கூடிப்போனவர்கள் இரண்டு பூச்சாக அடிப்பார்கள். இப்படிப் பாசம் காட்டிக் காட்டி, கல்லறைகளில் இருந்த பழைய பெயர்களையெல்லாம் மூடிவிட்டோம்.

போன வருடம் பங்குக் கோயிலின் கல்லறைக் கமிட்டி ஓர் அறிவிப்பு ஒட்டியது. பெயர் வாசிக்க முடியாத பழைய கல்லறைகளை அகற்றிவிட்டு, அங்கே டைல்ஸ் பதித்த நடைபாதை போடப்போகிறார்களாம். இறப்புப் பதிவேட்டைப் பார்த்தால் தெரியுமே என்றால், அதைக் கறையான் முதலிலிருந்து கடைசிவரை வாசித்து முடித்திருந்தது.

அம்மைக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. எனக்கு முன் பிறந்து, நடக்கப் பழகுமுன்னே போய்விட்ட மூத்த பெண் அங்கே ஓரமாகக் கிடக்கிறாள். தன்னையும் அவள் பக்கத்தில்தான் வைக்க வேண்டும் என்று எனக்கு விவரம் தெரிந்த நாள் முதலாக அம்மை சொல்லி வருகிறாள். வீட்டில் அந்தப் பிள்ளையை 'மூத்தவ' என்பதோடு சரி. பெயர் என்ன என்று கேட்டால், "கல்லுல எழுதியிருக்கு. நீ படிச்சவதானே, போய் வாசி" என்பாள். அம்மையிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் எவருமில்லை.

கமிட்டி பார்வையிட வரும் நாளன்று ஊரே கல்லறைத் தோட்டத்தில் குவிந்திருந்தது. ஒருவர் கம்பி பிரஷ் போட்டு உரசினார்; சுண்ணாம்போடு பெயரில் பாதியும் வந்தது. இன்னொருவர் புதுக்கடை பஜாரிலிருந்து கக்கூஸ் கழுவும் ஆசிட் வாங்கிவந்து ஊற்றினார். பழைய கல்லறைகள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, ஈரம் காயுமுன் ஆணியால் பெயர் கீறியவை. ஆசிட் பட்டதும் அவருடைய பாட்டனார் நுரைத்துப் பொங்கி வடிந்துபோனார். "கிளீன் ஆயிட்டுல்லா" என்றார் அவர், பெருமையாக.

என் தம்பி கல்ஃபில் இருபது வருடம் இருந்தவன். உலகத்தில் எல்லாவற்றுக்கும் மெஷின் உண்டு என்று நம்புகிறவன். கார் கழுவும் பிரஷர் மெஷினோடு வந்து நின்றான்.

"அக்கா, தள்ளி நில்லு. வெள்ளம் அடிச்சா எழுத்து தன்னால தெளியும்."

"ஏலே, அந்த வெள்ளத்துல கார் பெயிண்டே உரிஞ்சிரும். இது பச்சப்பிள்ளைக்க கல்லு. தொட்டியோ, பாத்துக்க."

நான் முப்பது வருடம் டிராயிங் டீச்சராக இருந்தவள். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் மேடுபள்ளம் தெரியும் என்று கரடியாகக் கத்தியிருக்கிறேன், ஒரு வகுப்பும் கேட்டதில்லை. மெல்லிய பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டினேன். தம்பியின் கையில் மெஷினுக்குப் பதிலாகக் குடையைக் கொடுத்து, கல்லுக்கு நிழல் பிடிக்க வைத்தேன். வீட்டிலிருந்து கழற்றிவந்த அலமாரிக் கண்ணாடியை வெயிலில் சாய்த்து, ஒளியைக் கல்லின் மேல் பக்கவாட்டில் படியவிட்டேன். சுரண்டவில்லை, கழுவவில்லை. அத்தனை வருடத்து வெள்ளைக்கும் அடியிலிருந்து கோணல்மாணலாக நிழல்கோடுகள் தெரிந்தன. ஓர் எழுத்து, பிறகு இன்னொன்று.

அது என் பெயர்.

கமிட்டிச் செயலாளர் நோட்டோடு வந்து குனிந்து வாசித்தார்.

"டீச்சரே, இது ஒங்க பேருல்லா? உயிரோட இருக்கவங்க பேருல கல்லறை பதிய ரூல் இல்ல."

நானே ஆணி எடுத்துக் கீறியிருப்பேனோ என்கிற சந்தேகத்தையும் நாகரிகமாக வெளியிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணாடி வெளிச்சத்தை அவர் வழுக்கைத் தலைக்குத் திருப்பினேன்.

பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த அம்மை அப்போதுதான் வாய் திறந்தாள். "அவ கீறல்ல. அது மூத்தவளுக்க பேருதான். இவ பொறந்தப்போ அதையே இவளுக்கும் இட்டேன்."

"ஒரே பேரு ரெண்டு பிள்ளைக்கா? எதுக்கு?" என்றார் செயலாளர்.

"செத்த பிள்ளைய சும்மா இருந்து பேரு சொல்லிக் கூப்பிட்டா, பைத்தியம்னு சொல்லமாட்டியளா? இவளுக்கு இட்டா தெனமும் கூப்பிடலாம்லா."

செயலாளர் நோட்டில் 'பெயர் வாசிக்கப்பட்டது' என்று எழுதினார். பக்கத்து இடத்துக்கு அம்மையின் பெயரையும் குறித்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. கஞ்சி குடிக்க, பேன் பார்க்க, பள்ளிக்கூடம் அனுப்ப என்று இத்தனை வருடம் அம்மை கூப்பிட்டதில் எனக்கென்று எத்தனை?

"வெயிலு ஏறுது, போலாம்" என்று எழுந்த அம்மை, கையை நீட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. மூத்தவளுக்குக் கொஞ்சம் நேரம் விட்டேன்.