சொறி இல்லாத கடல்

அறந்தாங்கியில் என்னைப் பற்றி விசாரித்தால், "அவளா, கடல்ல பூச்சி எண்ணுறா" என்பார்கள். பூச்சி இல்லை. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத, நீரோட்டத்தின் போக்கில் மிதந்து திரிகிற பிராணிகள். மீன் குஞ்சுகளுக்கு அவைதான் சோறு. படிவத்தில் அவற்றுக்கு மிதவை உயிரிகள் என்று பெயர். மாதம் இரண்டு முறை மணமேல்குடிக்குத் தெற்கே ஒரு கரையிலிருந்து படகு போய் அவற்றை வலையில் பிடித்துப் பாட்டிலில் கொண்டு வரும். நான் மைக்ரோஸ்கோப்பில் வைத்து இனம் பிரித்து எண்ணுவேன். இன்னும் மூன்று கரைகளிலும் இதே வேலை நடக்கிறது. ஒரே அளவு வலை, ஒரே நேரம், ஒரே படிவம். அப்படி இருந்தால்தான் ஒரு கரையை இன்னொன்றோடு ஒப்பிட முடியும்.

எண்ணுவதில் எனக்குத் திமிர் உண்டு. ஒரே பாட்டிலை இரண்டாகப் பங்கிட்டு ஒரு பங்கை எனக்கும் மறுபங்கை வேறொருவருக்கும் கொடுத்துச் சரிபார்ப்பார்கள். என் கணக்கு ஒரு முறையும் பிசகியதில்லை. யாராவது சந்தேகப்பட்டால் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும்.

ஆனால் படகில் ஏறினால் எனக்கு வாந்தி வரும். முதல் நாளே கரை மறைவதற்குள் குடலைப் புரட்டிவிட்டது. படகுக்கார அண்ணன் சிரிக்காமல் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து, "நீங்க கரையில இருங்க டீச்சர். நான் இழுத்துக் கொண்டாரேன்" என்றார். நான் டீச்சர் இல்லை என்று பலமுறை சொல்லியாகிவிட்டது. கண்ணாடி போட்டு எழுதுகிறவர்கள் எல்லாம் அவருக்கு டீச்சர்தான். அன்றிலிருந்து நான் கரையில் உட்கார்ந்திருப்பேன், அவர் போய்ப் பாட்டிலோடு வருவார். படிவத்தில் 'மாதிரி எடுத்தவர்' என்ற இடத்தில் மட்டும் நான்கு வருடமும் என் கையெழுத்தே விழுந்தது.

போன வருடம் ஒரு மேடம் வந்தார். நான்கு கரைக் கணக்குகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. என் தாள்களைப் புரட்டியவர் ஒரு கட்டத்தில் விரலை வைத்தார். சொறி, அதாவது ஜெல்லிமீன், எண்ணுகிற கட்டம். மற்ற மூன்று கரைகளிலும் அது நிறைந்திருந்தது. என்னுடையதில் நான்கு வருடமும் பூஜ்யம்.

"ஒங்க கடல்ல மட்டும் சொறியே இல்லையா?"

"பாட்டில்ல இல்ல மேடம். இருந்தா எண்ணாம விடுவேனா?" என்றேன், கொஞ்சம் சூடாகவே.

"எண்ணுறதுல தப்பில்லங்க. பாட்டிலுக்குள்ள வராததை யாரால எண்ண முடியும்? நாளைக்குப் படகுல போவோம். காரணம் தெரியலைன்னா இந்தக் கரையோட நாலு வருஷத்தையும் எடுத்து ஓரமா வைக்க வேண்டியதுதான்."

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எனக்கு நல்ல கனம் இருந்தது. இரவு முழுக்கப் புரண்டுவிட்டு, காலையில் படகில் ஏறுவதற்கு முன்பே, வலை இழுத்தது நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். மேடம் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். "சொன்னதுக்கு நன்றிங்க. ஏறுங்க" என்றார். ஏறினேன். இரண்டு முறை வாந்தி எடுத்தேன். மூன்றாவது முறை வருவதற்குள் வலை மேலே வந்துவிட்டது.

வலையின் வளையம் தண்ணீர் மட்டத்துக்கு வந்ததும் அண்ணன் உள்ளே கையை விட்டார். எலுமிச்சம்பழம் அளவு சொறி ஒன்றைக் குடை போன்ற அதன் மேல்பாகத்தைப் பிடித்து எடுத்துக் கடலில் போட்டார். அடுத்து இன்னொன்று.

"அண்ணே, எதுக்கு அதைத் தூக்கிப் போடுறீங்க?"

"வலையில சொறி வந்தா தூக்கிப் போடாம, கொழம்பா வைப்பாங்க? பாட்டில்ல போட்டா ஒங்க கையில பட்டு அரிக்கும்ல டீச்சர்."

எனக்கு அரிக்கக்கூடாது என்று நான்கு வருடமாக என் கணக்கைக் கடலில் வீசியிருக்கிறார். யாரைத் திட்டுவது? கரையில் சொகுசாக உட்கார்ந்தது நான்.

மேடத்தின் கவலை வேறாக இருந்தது. சொறியின் மேல் சின்னப் பிராணிகள் நிறைய ஒட்டிக்கொண்டிருக்கும். சொறியோடு அவையும் போயிருந்தால் என் மற்றக் கணக்குகளும் குறைந்துதான் இருக்கும். நான்கு வருடமும் போச்சு.

"இன்னொரு தரம் செய்யுங்க, மெதுவா," என்றார் மேடம்.

அண்ணன் மெதுவாகச் செய்தார். சொறியைப் பிடித்து, வெளியே எடுக்குமுன் வலையின் வாய்க்குள்ளேயே தண்ணீரில் மூன்று முறை அலசி உதறினார். அதற்குப் பிறகுதான் வீசினார். வேகமாகச் செய்தபோது இது என் கண்ணில் படவே இல்லை.

"எதுக்கு அலசுறீங்க?" என்றார் மேடம்.

"பொடி எறாலு ஒட்டிக்கிட்டு இருக்கும்ல. சொறியோட அதுவும் போயிட்டா நட்டமில்லையா? கையி தானா அலசிரும்."

கை சொன்னதை மேடம் அப்படியே நம்பிவிடவில்லை. அண்ணன் அலசிய சொறிகளைத் தனிப் பாட்டிலிலும், அலசாமல் தானே எடுத்த சொறிகளை வேறொரு பாட்டிலிலும் போட்டார். மதியம் நான் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தேன். அலசாத பாட்டிலில் பிராணிகள் மொய்த்துக் கிடந்தன. அலசிய பாட்டிலில் ஒன்றிரண்டுதான். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினேன். அதே ஒன்றிரண்டு. மற்றதெல்லாம் அலசும்போதே வலைக்குள் விழுந்து என் பாட்டிலுக்கு வந்திருக்கிறது. வாழ்க்கையில் எதையுமே காணாததற்கு நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. அடுத்தடுத்த நாட்களும் போய்ப் பார்த்தோம், முடிவு மாறவில்லை.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. மற்றக் கணக்குகள் நிற்கும், சொறிக் கட்டம் மட்டும் நிற்காது என்றார் மேடம். அந்தக் கட்டத்தில் இருந்த பூஜ்யங்களை ஒவ்வொன்றாக அடித்து, பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதச் சொன்னார். இல்லை என்பது வேறு, பார்க்கவில்லை என்பது வேறு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு நான்கு வருடமும் நாலைந்து வாந்தியும் ஆயின. பூஜ்யங்களை அடிக்க இரண்டு நாள் பிடித்தது, பாட்டுப் பாடிக்கொண்டேதான் அடித்தேன்.

இப்போது நானும் படகில் போகிறேன். அண்ணன் அலசிய சொறி வாளிக்கு வரும், நான் எண்ணி எழுதிவிட்டுக் கடலில் விடுவேன். நான்கு கரைகளுக்குமான செய்முறைத் தாளில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருக்கிறது: 'சொறியை வலையின் வாய்க்குள் மூன்று முறை அலசி எடுத்து எண்ணவும்.'

அந்தத் தாள் வந்த அன்று அதை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். பிறகு படிவத்தில் 'மாதிரி எடுத்தவர்' என்ற இடத்தைக் காட்டிப் பேனாவை நீட்டினேன். கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி நிதானமாகத் தன் பெயரைப் போட்டார். கீழே, எண்ணியவர் என்ற இடத்தில் நான் போட்டேன்.

அவர் படிவத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார்.

"எல்லாஞ் சரி டீச்சர். நீங்க எடுக்குற வாந்திக்கு எந்தக் கட்டம்?"

"அதை நான் பார்க்கலண்ணே," என்றேன்.