நான் இட்டுக்கட்டிய டீக்கடை

பேய்க்கதை கேட்டால் எனக்குப் பயம் வராது, கொட்டாவிதான் வரும். ஐம்பத்து மூன்று வயதில் தினமும் காலை எட்டரை மணி மும்பை ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் ஏறி, முழுசாக இறங்குகிறவனுக்கு அதற்குமேல் எந்த அமானுஷ்யமும் தேவைப்படுவதில்லை. யாராவது "சத்தியமா என் கண்ணால பார்த்தேன்" என்று ஆரம்பித்தால், "கண்ணாடி போட்டிருந்தீங்களா?" என்று கேட்கிற ரகம் நான். ஆகவே நீங்களும் அதையே கேட்கலாம். போட்டிருந்தேன். போன மாதம்தான் பவரும் மாற்றியிருந்தேன்.

நான் ஒரு பயண வலைப்பதிவன். 'சீசன் டிக்கெட்' என்ற பெயரில் பதினான்கு வருடமாக எழுதுகிறேன். பயணம் என்றதும் இமயமலைக்குப் போய்விடாதீர்கள். வடாலாவிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து வடாலா, ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் காய்கறி. இதற்கு நடுவில் அகப்படுவதையெல்லாம் படம் பிடித்துப் போடுவேன். ஒரு காலத்தில் மும்பைத் தமிழ்ப் பதிவர் சந்திப்பு என்றால் ஹோட்டலில் நான்கு மேஜையைச் சேர்த்துப் போட வேண்டும். இப்போது எல்லோரும் ரீல்ஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். மிச்சமுள்ள ஏழெட்டுப் பேர் ஒருவருக்கொருவர் "அருமை, தொடருங்கள்" என்று பின்னூட்டம் போட்டு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அவர்களில் ஒருவர் 'கடைசி பெஞ்ச்'. அது அவருடைய வலைப்பதிவின் பெயர். செம்பூரில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தாறு, ஒரு முட்டி மாற்றியது. பறவையை அவரைப்போல் படம் எடுக்க எங்கள் கூட்டத்தில் ஆளில்லை. கணவர் போன பிறகு ஒன்றரை வருடமாகக் கேமராவைத் தொடவில்லை. என்னை 'சீசன்' என்பார். நான் 'டீச்சர்' என்பேன். சொந்தப் பெயரெல்லாம் ஆதார் கார்டுக்குத்தான்.

அப்போது ஒரு தொடர்பதிவு கிளம்பியது. ஒருவர் ஒரு தலைப்பில் எழுதிவிட்டு இன்னும் ஐந்து பேரைப் பெயர் சொல்லி இழுத்துவிடுவார். இழுக்கப்பட்டவன் எழுதியே ஆகவேண்டும், இல்லையென்றால் அடுத்த தடவை எவரும் சீண்டமாட்டார்கள். தலைப்பு, 'யாருக்கும் தெரியாத என் மும்பை'. எனக்கோ ஜுரம். கட்டிலிலிருந்து பாத்ரூம் போவதே பயணம். என்ன செய்வது, படுத்தபடியே ஓர் இடத்தை உண்டாக்கினேன். வடாலா உப்பளத்துக்குள் முக்கால் கிலோமீட்டர் வரப்பிலேயே நடந்தால் ஒரு தகரக்கொட்டகை, பச்சைக் கதவு, தவசி என்று ஒரு டீக்கடைக்காரர், சுக்கு போட்ட டீ, கை நீட்டும் தூரத்தில் பூநாரைகள். படத்துக்கு எங்கள் கட்டிடத்து மோட்டார் ரூம் கதவை நெருக்கத்தில் எடுத்து ஒட்டினேன். பதினான்கு வருடத்தில் அதற்குத்தான் அதிகப் பின்னூட்டம் வந்தது. வெட்கமாக இல்லையா என்பீர்கள். பெருமையாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை ஆறரை மணிக்கு டீச்சர் ஒரு பதிவு போட்டிருந்தார். ஒன்றரை வருடத்துக்குப் பின் முதல் பதிவு. 'சீசன் எழுதிய டீக்கடைக்குக் கிளம்பிவிட்டேன். அவர் சொன்ன வழியிலேயே, தனியாக. அங்கிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம் என்று தோன்றுகிறது.'

நான் சொன்ன வழியை நானே பார்த்ததில்லை. மொபைல் வரைபடத்தில் விரலால் நடந்தது அது. உப்பளத்துக்கு அப்பால் கழிமுகச் சேறு. கடல் ஏறினால் எது வரப்பு, எது சேறு என்று பிடிபடாது. மாற்றிய முட்டியோடு ஒரு மனுஷி என் பொய்யை நம்பி அதில் இறங்கப் போகிறார். படம் எடுக்கப் போனால் ஃபோனை அணைத்துவிடுவது அவர் வழக்கம். அணைத்துத்தான் இருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி லலிதா பார்த்த பார்வையை விவரிக்க என்னிடம் தமிழ் போதாது. "ஒரு பொம்மனாட்டிய சேத்துல எறக்கி விட்டுட்டு ஷூ தேடிண்டிருக்கேளா? செருப்ப மாட்டிண்டு ஓடுங்கோன்னா!"

டாக்ஸி பிடித்து ஓடினேன். உப்பள வாசலில் காவலுக்கு இருந்தவர் திருநெல்வேலிக்காரர், தாராவியில் குடியிருப்பவர்.

"அண்ணாச்சி, கேமராவோட ஒரு வயசான அம்மா உள்ள போனாங்களா?"

"அஞ்சு மணியிலருந்து இங்கனதாம் சார் இருக்கேன். ஒரு காக்கா போவல."

"உள்ள ஒரு டீக்கடைன்னு..."

"நீருமா? இதோட அஞ்சாறு பேரு கேட்டு வந்துட்டானுவ. எவனோ கம்ப்யூட்டர்ல எழுதிப் போட்டிருக்கானாம்லா. அந்தப் பய மட்டும் எங்கையில ஆப்புடட்டும்!"

அந்தப் பயலை எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தேன். "தண்ணி ஏறுது சார், போவாதிய" என்று பின்னால் கத்தினார். திரும்பவில்லை. வரப்பு முடிந்த இடத்தில் சேற்றில் இறங்கினேன். முழங்கால்வரை வாங்கியது. ஒரு செருப்பை அதற்கே கொடுத்துவிட்டு, "டீச்சர்! டீச்சர்!" என்று கத்திக்கொண்டே போனேன். அவரைப் பார்க்காமல் வெளியே வருவதில்லை என்பது ஒன்றுதான் மண்டைக்குள் இருந்தது. அரைமணியோ முக்கால் மணியோ இருக்கும். எதிரே, மார்க்கெட்டிலிருந்து வருகிற மாதிரி, டீச்சர் வந்தார். புடவை விளிம்பில் ஒரு பொட்டுச் சேறு கிடையாது.

"என்ன சீசன், இப்பத்தான் வரேளா? ஒத்தச் செருப்போட என்ன கோலம் இது?"

"எங்கேர்ந்து வரேள் டீச்சர்?"

"உங்க கடைலேர்ந்துதான். சுக்கு கொஞ்சம் தூக்கல். அது போகட்டும், அந்தக் கடிகாரத்தப் பத்தி ஏன் எழுதல? தலைகீழா மாட்டி வெச்சிருக்காரே மனுஷன்!"

இங்கேதான் நீங்கள் என்னை நம்ப வேண்டும், நம்பாவிட்டாலும் பரவாயில்லை. தலைகீழ்க் கடிகாரத்தை நான் எழுதியிருந்தேன். முதல் வரைவில். ரொம்ப ஓவராக இருக்கிறது என்று பதிவேற்றும் முன் நானே அழித்துவிட்டேன். அது என் மண்டையையும் அந்த மொபைலையும் தவிர வேறெங்கும் இருந்ததில்லை. லலிதாவுக்குக்கூடத் தெரியாது.

"எனக்குக் காட்டுங்கோ" என்று அவரைத் திருப்பினேன். இருபது முப்பது அடி போனதும் தண்ணீர். "வரச்சே காஞ்சு கிடந்ததே" என்றார் டீச்சர். தூரத்தில் காவல்காரர் விடாமல் விசில் ஊதிக்கொண்டிருந்தார். கேமராத் திரையில் டீச்சர் காட்டினார். பச்சைக் கதவு இருந்தது. கடிகாரம் இருந்தது. பாதி முகம் இருட்டில் ஓர் ஆள் இருந்தார்.

திரும்பும்போது டாக்ஸியில் உண்மையைக் கொட்டிவிட்டேன். டீச்சர் சிரித்தார்.

"முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல, ஹோம்வொர்க் பண்ணாமலே பண்ணிட்டேன்னவாள எத்தனையோ பாத்தாச்சு. பண்ணிட்டுப் பண்ணலைங்கற மொதல் ஆள் நீங்கதான்."

வலைப்பதிவிலும் ஒப்புக்கொண்டு எழுதினேன். 'உங்கள் தன்னடக்கம் அருமை' என்று பின்னூட்டம் வந்தது. போய்வந்ததாக இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். பொய்யை நம்பினார்கள், உண்மையைத்தான் நம்ப மறுக்கிறார்கள். அதன்பின் ஒன்பது ஞாயிறு போய்விட்டேன். எனக்குச் சேறுதான். காவல்காரர் இப்போது தூரத்திலேயே, "என்ன சார், டீ குடிக்கவா?" என்கிறார். பரவாயில்லை. வருகிற ஞாயிறும் போகிறேன். காணாமல் விடுவதாக இல்லை. டீச்சர் வாரம் ஒரு பதிவு போடுகிறார், பறவைகள் திரும்பிவிட்டன, அந்த மட்டில் நிம்மதி.

ஆனால் போன மாதம் அந்தப் படத்தை முழு அளவில் அனுப்பி வைத்தார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். பலகையில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஒன்று காலி. இன்னொன்றில் டீ, ஒரு சாஸர் போட்டு மூடியிருந்தது. ஃபோன் செய்து கேட்டேன்.

"அது உங்களுக்குத்தானே ஊத்தி வெச்சார்! 'சார் பின்னாலயே வந்துக்கிட்டிருக்காரு'ன்னாரே" என்றார் டீச்சர், இதிலென்ன என்பதுபோல்.

படத்தின் மூலையில் நேரம் இருக்கிறது. ஏழு பன்னிரண்டு. கேமராக் கடிகாரத்தை ரேடியோவோடு ஒப்பிட்டு வைக்கிறவர் டீச்சர்.

ஏழு பன்னிரண்டுக்கு நான் வந்துகொண்டிருக்கவில்லை. லலிதாவிடம் அதுவரை வாயே திறக்கவில்லை. பதிவைப் பார்த்ததும் பதறி ஓடியதாகத்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உண்மையில் சோபாவில் படுத்துக்கொண்டு, என் பதிவை மட்டும் அழித்துவிட்டால் இந்தம்மா யார் சொன்ன வழியில் போனாள் என்று ஒருவருக்கும் தெரியாது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். விரல் 'நீக்கு' என்ற இடத்துக்கு மேலேயே நின்றது, அரைமணி நேரம்.

கிளம்புவேன் என்பது அப்போது எனக்கே தெரியாது. அந்த ஆள் டீயை ஊற்றி மூடி வைத்துவிட்டார்.