என் வீட்டைத் தாண்டிப் போன ஜெபமாலை

எழுபதுகளில் சாந்தன்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில், வேலைக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தேன். அக்டோபர் மாதம் பிறந்தால் வேதக்காரர்களான நாங்கள் சாயங்காலந்தோறும் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வோம். வீடு வரிசையாக மாறும். முடிந்ததும், ஜெபம் நடத்துகிற கோயில் உபதேசியார் ஒரு புனிதரின் சரித்திரம் வாசிப்பார். அந்த வீட்டார் பால் விடாத கட்டன்சாயா கொடுப்பார்கள்.

என் கணவர் இறந்த வருஷம் என் வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். ஒற்றைப் பொம்பளை, சிரமம் கொடுக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு கூடப் போனேன்.

மறு வருஷம் ஒரு நாள், வரிசையில் என் வீட்டுக்கு முந்தின வீட்டில் கூடினோம். நான் மைனி என்று கூப்பிடுகிற அக்காள் வீடு அது. மழையில் உபதேசியாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அஞ்சாம் வகுப்புப் படித்தவள் என்று புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டார். விளக்குப் பக்கம் நகர்ந்து வாசித்தேன்.

வனாந்தரத்தில் இடிந்த கோட்டைக்குள் கதவை அடைத்துக்கொண்டு வருஷக்கணக்காகத் தனியே ஜெபம் செய்த துறவியின் கதை. சிநேகிதர்கள் மேலே இருந்து ரொட்டியை உள்ளே போட்டுவிட்டுப் போவார்களாம். கடைசியில் கதவை உடைத்தார்களாம். அவர் முகம் வாடாமல் வெளியே வந்து, துக்கத்தில் இருந்தவர்களுக்கு ஆறுதல் சொன்னாராம்.

மைனி சும்மா இருக்கவில்லை. "ஏட்டி, ரொட்டியப் போடுதவங்க உள்ள எறங்கி ரெண்டு வார்த்த பேசுனா என்னவாம்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கடவுளுக்காகத் தானாகப் போய் இருந்தவர். நான் அப்படியா இருந்தேன்?

உபதேசியார் எழுந்து, நாளைக்கு என்று என் வீட்டைத் தாண்டிய வீட்டைக் காட்டினார்.

"நாளைக்கு என் வீட்டுக்கு வாங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மைனிக்குக் கேட்டிருக்கிறது. "அவ வீட்டுக்குக் கூப்பிடுதா, காது கேக்கலையா?" என்று அவரை நிறுத்தினாள்.

வந்தார்கள். இடம் போதாமல் அடுப்படி வரைக்கும் உட்கார்ந்தார்கள். டம்ளர் பத்தாமல் மைனி வீட்டிலிருந்து வாங்கினேன். புறப்படும்போது உபதேசியார், "சொல்லியிருந்தா போன வருசமே வந்திருப்போமேம்மா" என்றார். நான் காலி டம்ளர்களைப் பொறுக்கி அடுக்கினேன்.

மழைக்கு அவர்கள் போர்த்தி வந்த நனைந்த கம்பளி வாடை வீட்டுக்குள் கிடந்தது. எப்போதும் சுவரோரம் படுக்கிறவள், அன்றைக்கு அவர்கள் உட்கார்ந்திருந்த நடுவீட்டில் பாயை விரித்தேன்.